கொங்கு நாட்டிலிருந்து கடலுக்கு: அயல் உயிரினங்களைப் பற்றி முனைவர் பட்டம் செய்ய விரும்புவோருக்கு

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியலோ தாவரவியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ முடித்துவிட்டு, "கடலோரத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து பரவுகிற உயிரினங்களைப் பற்றி பி.எச்டி. செய்யலாமா?" என்று அவ்வப்போது சிலர் கேட்கிறார்கள். கேட்ட கையோடு அடுத்த கேள்வியும் வந்துவிடும்: நமக்குக் கடலே இல்லையே, கடற்கரைக்காரர்களுக்கு ஈடு கொடுக்க முடியுமா? முடியும். ஆனால் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். பொதுவாக எல்லோரும் தலைப்பை முடிவு செய்துவிட்டு அப்புறம் இடம் தேடுவார்கள். நீங்கள் முதலில் கரையைப் பிடியுங்கள், பிறகு உயிரினம், கடைசியில் தலைப்பு. மாதம் தவறாமல் இரண்டு வருடம் போய்வர முடியாத கரையை எடுத்தால், தலைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் தரவு பாதியில் நின்றுவிடும்.

பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான்

அயல் உயிரினம் என்றால் என்ன என்று கொங்கு விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் பதிவானதே கோயம்புத்தூரில்தான், 2008-ல். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று ஏறியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்ட பிறகே அடங்கியது. 2016-ல் பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ. அப்புறம் சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்குக் காடுகளில் மரவள்ளி மாவுப்பூச்சி.

வந்து சேர்வது, நிலைகொள்வது, பரவுவது, சேதம் செய்வது என்று இந்த நான்கும் தனித்தனிக் கட்டங்கள். வந்து சேர்ந்ததெல்லாம் நிலைகொள்வதில்லை; நிலைகொண்டதெல்லாம் சேதம் செய்வதில்லை. பல்லுயிர் பற்றிய பன்னாட்டு அரசுகளுக்கிடையிலான அமைப்பு 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதர்கள் வழியாக இடம் மாறிக் குடியேறிய உயிரினங்கள் உலகம் முழுக்க 37,000-க்கும் மேல். அவற்றில் சேதம் செய்வதாகச் சான்று உள்ளவை 3,500-க்குச் சற்று மேல். ஆகவே உங்கள் ஆய்வில் 'அயல்' என்பதும் 'ஆக்கிரமிப்பு' என்பதும் கலந்துவிடக் கூடாது. முதலாவதற்கு வரலாற்றுச் சான்று வேண்டும், இரண்டாவதற்குச் சேதத்தின் சான்று வேண்டும். நேர்காணலில் பெரும்பாலும் இங்கேதான் மடக்குவார்கள்.

இன்னொன்றும் கேட்பார்கள்: சிங்கமீன் ஆக்கிரமிப்பு உயிரினமா? கரீபியன் கடலிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் ஆம். மன்னார் வளைகுடாவில் அது சொந்த ஊர்க்காரர். எந்த உயிரினமும் எந்த இடத்தில் என்று சொல்லாமல் ஆக்கிரமிப்பு ஆகாது.

நிலத்துக்கும் கடலுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மாவுப்பூச்சிக்குக் குளவியை விட்டதுபோல் கடலில் எதையும் விட யாரும் துணிவதில்லை. இளவுயிரிகள் நாள்கணக்கில், சில வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து போவதால் வேலி போடவும் முடியாது. 1999-ல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் மைட்டிலாப்சிஸ் சல்லேயி என்ற சிறு மட்டியைக் கண்டதும், மதகு உள்ள படகுத்துறைகளை அடைத்துக் குளோரினும் தாமிர சல்பேட்டும் ஊற்றி ஒழித்தார்கள். மதகு இருந்ததால் நடந்தது. இதே மட்டி விசாகப்பட்டினம் துறைமுகத்தில் 1967-லேயே பதிவானது. இன்றுவரை அங்கிருந்து போகவில்லை. 'ஒழிப்பது எப்படி' என்று தலைப்பு வைக்க ஆசைப்படுபவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டுப் படித்தால் ஆசை தெளிந்துவிடும்.

முதல் படி: கரை

நம்மவர்கள் பலரும் கடல் என்றதும் ராமேஸ்வரத்தையோ சென்னையையோ நினைப்பார்கள். கோவையிலிருந்து பார்த்தால் மிக அருகில் இருப்பது கேரளக் கடல். வாளையாறு தாண்டினால் கொச்சி ஏறத்தாழ 200 கிலோமீட்டர்; மண்டபம் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு; எண்ணூர் 500 கிலோமீட்டருக்கும் மேல். மாதந்தோறும் போய்வரும் ஆய்வுக்கு இந்த வேறுபாடு பெரிது. நீங்கள் கரையிலேயே தங்கிப் படிப்பதானாலும், ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் ராத்திரி கிளம்பிக் காலையில் வந்து சேர முடியுமா என்று வீட்டில் கேட்பார்கள்.

கொச்சி உப்பங்கழி இந்தத் துறைக்குப் பொன்னான இடம். துறைமுகம், வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம், நூற்றுக்கணக்கான படகுத்துறைகள், மட்டி வளர்ப்பு எல்லாம் ஒரே நீர்ப்பரப்பில் இருக்கின்றன. தென் அமெரிக்கக் கரையோர மட்டியான மைடெல்லா ஸ்ட்ரைகாட்டா இங்கேயும் கொல்லம் பக்கத்து அஷ்டமுடிக் காயலிலும் 2018, 2019 வாக்கில் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம், கொச்சின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கேரள மீன்வளப் பல்கலைக்கழகம், தேசியக் கடலியல் நிறுவனத்தின் வட்டார மையம் என்று வழிகாட்டிகளும் பக்கத்திலேயே கிடைப்பார்கள். மலையாளம் ஒரு தடையாக இராது. பேச்சு ஆறே மாதத்தில் வந்துவிடும். சிக்கல் மழைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆற்றுநீர் இறங்கி உப்பங்கழி ஏறக்குறைய நன்னீராகிவிடும். அந்த மாதங்களில் பல கடல் உயிரினங்கள் செத்து, மறுபடி குடியேறும். ஆய்வுக்கு இது கெடுதல் என்று எண்ண வேண்டாம். உப்பு குறையும்போது எது தாங்குகிறது, எது சாகிறது என்பதே முழு ஆய்வுக்குரிய கேள்வி.

மன்னார் வளைகுடாவை எடுத்தால் கேள்வி வேறு மாதிரி. கப்பாஃபைகஸ் ஆல்வரெஸி என்ற பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்தது. உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் காரஜீனன் எடுக்க மண்டபம் கரையில் வளர்க்கிறார்கள். 2000-களில் பெப்சி நிறுவனம் அதை ஊக்குவித்ததால் ஊரில் இன்றும் 'பெப்சி பாசி' என்றால்தான் புரியும். 2008-ல் குருசடைத் தீவில் அது பவளப்பாறை மேல் ஏறிப் படர்ந்திருப்பதாக ஆய்வுக் கட்டுரை வந்தது; பாசி வளர்ப்பை ஆதரிக்கும் அறிவியலாளர்கள் அதை மறுத்து எழுதினார்கள். அந்தப் பாசியால் பிழைக்கும் பெண்கள் ஒரு பக்கம், பவளம் ஒரு பக்கம். இந்தத் தலைப்பை எடுப்பவருக்கு நல்ல புள்ளியியலும் பொறுமையும் வேண்டும். கரையில் போய் 'இது கெட்ட பாசி' என்று ஆரம்பித்தால் அடுத்த முறை படகு கிடைக்காது.

எண்ணூர், பழவேற்காடு பக்கம் மைடெல்லாவை மீனவர்கள் 'காக்கா ஆழி' என்கிறார்கள். கழிமுகத்தின் அடியில் கம்பளமாகப் படிந்து, இறால் சேற்றில் புதைய இடமில்லாமல் செய்கிறது என்பது அவர்கள் புகார்; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். சென்னையில் தங்கிப் படிப்பவர்களுக்கு ஏற்ற இடம். நாமக்கல்லிலிருந்து மாதாமாதம் போய்வருவது நடக்காது.

இரண்டாம் படி: உயிரினம்

கையில் எடுத்தால் நீங்களே இனம் காணக்கூடிய உயிரினமாக இருக்கட்டும். இதில் சமரசம் வேண்டாம். பஞ்சுயிரி, கடற்பீச்சி போன்றவற்றை நுண்ணோக்கியும் நிபுணரும் இல்லாமல் பெயரிட முடியாது. இந்தியாவில் அந்த நிபுணர்களும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மட்டி எளிது. எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன்.

கொச்சிப் படகுத்துறைத் தூணில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் கருப்பாக மூன்று வகை மட்டிகள் கலந்து ஒட்டியிருக்கலாம். ஒவ்வொன்றையும் கத்தி முனையால் திறந்து சதையை நீக்கி, ஓட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். ஓட்டின் கூர்முனைக்குள் சின்னத் தட்டு மாதிரி ஒரு மடிப்பு இருந்தால் அது மைட்டிலாப்சிஸ். உட்புறம் மங்கிய வெளிறல் நிறம். தட்டு இல்லாமல் உட்புறம் ஊதா நிறத்தில் பளபளத்தால் மைடெல்லாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் வெளிப்புறம் கருப்பு, பழுப்பு, பச்சை, அலைக்கோடு என்று பல வேடம் போடும், நம்பக் கூடாது. ஓரம் பச்சையாகவும் உள்ளே நீலம் கலந்த வெண்மையாகவும் இருந்தால் நம் ஊர்க் கல்லுமேக்காய், அதாவது பெர்னா விரிடிஸ். ஓட்டின் மேல் விசிறி போல வரி இருந்தால் வேறொரு உள்ளூர் மட்டி வகை. தட்டு உள்ள உள்ளூர்க் கடல் மட்டியும் ஒன்று உண்டு என்பதால், ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மரபணுப் பரிசோதனை கடைசியில் உறுதி செய்யத்தான். கண் முதலில் பழக வேண்டும்.

பெயர் சரிதானா என்று உலகக் கடல் உயிரினப் பதிவேட்டிலும், அறிமுகமான கடல் உயிரினங்களுக்கென்றே உள்ள அதன் துணைப் பதிவேட்டிலும் பாருங்கள். இரண்டுமே இலவசம். எந்த ஊர்க்காரர் என்றே தீர்மானிக்க முடியாத உயிரினங்களும் நிறைய. அவற்றை 'தோற்றம் தெரியாதவை' என்று தனியாகவே வைக்க வேண்டும். அயல் பட்டியலின் நீளத்தைக் கூட்ட அவற்றை உள்ளே தள்ளுவது நம் நாட்டு ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் குறை.

மூன்றாம் படி: கேள்வி

'கொச்சிக் கடலோர அயல் உயிரினங்களின் பல்வகைமை' என்பது தலைப்பு மாதிரி தெரியும். உண்மையில் அது பட்டியல். பட்டியல் ஆய்வு பட்டம் வாங்கித் தரும், வேலை வாங்கித் தராது என்பது என் கருத்து. கேள்வி 'எங்கே, எவ்வளவு' என்று தொடங்கி, 'எந்தச் சூழலில் கூடுகிறது', 'பக்கத்து உயிரினத்துக்கு என்ன ஆகிறது' என்று போக வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பரிசோதனை கட்டாயம்: மைடெல்லாவை அகற்றிய இடம், அகற்றாத இடம், இரண்டிலும் கல்லுமேக்காய்க் குஞ்சுகள் எவ்வளவு பிழைத்தன என்பது போல.

'கப்பலின் நிலைப்பு நீரில் வந்தது', அதாவது கப்பல் நிலையாக நிற்கத் தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும் நீரில் வந்தது என்று முன்னுரையில் எழுதுவது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியும் வரும், மீன்பிடிப் படகின் கயிற்றிலும் வரும், மட்டி வளர்ப்புக்கான குஞ்சோடும் வரும். நிலைப்பு நீர் உடன்படிக்கை 2004-ல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8-ல் நடைமுறைக்கு வந்தது. 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள உயிருள்ளவை ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஆனால் ஒரு மாணவர் கப்பலில் ஏறி அந்த நீரை எடுப்பது லேசில் நடக்காது. வழி எது என்று காட்டச் சான்று இல்லையென்றால் பல வழிகளையும் சொல்லி நிறுத்துங்கள்.

தகுதி, பணம், சான்றிதழ்

2022-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. நான்கு வருட இளங்கலையில் 75 விழுக்காடு எடுத்தவரும் நேரடியாகச் சேரலாம். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. கல்லூரி வகுப்பாக 12 கிரெடிட்டாவது முடிக்க வேண்டும்.

நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிர் அறிவியல் தாள், யு.ஜி.சி. நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் தாள் இரண்டும் பொருந்தும். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. "கடல் தண்ணியில போயி என்னத்தப் படிக்கறது கண்ணு?" என்று கேட்கும் அப்பாவிடம் இந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் பி.எச்டி. தகுதி மட்டும் வந்தாலும் அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குச் சேர்க்கைக்குச் செல்லும். 70 விழுக்காடு தேர்வு, 30 விழுக்காடு நேர்காணல் என்று கணக்கிடுவார்கள். உதவித்தொகை இல்லாமல் கடல் ஆய்வில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படகு வாடகை, பயணம், ரசாயனம் எல்லாம் கைக்காசு என்றால் இரண்டாம் வருடத்தில் ஆய்வு சுருங்கிவிடும். உதவித்தொகை கிடைக்கவில்லை என்றால் ஆராய்ச்சி நிறுவனங்களின் திட்டங்களில் திட்ட உதவியாளராகச் சேர்ந்து, அங்கிருந்தே பதிவு செய்துகொள்ளும் வழியைப் பாருங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுக்கி விழும் ஒரு விஷயம்: மாநிலத்தின் பி.சி. சாதிச் சான்றிதழ் மத்தியத் தேர்வுகளுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி., வசதி படைத்தோர் அல்லாத பிரிவு என்ற சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும். தேர்வு அறிவிப்பு வரும் முன்பே வாங்கி வையுங்கள்.

வழிகாட்டியைப் பிடிப்பது

ஒரு பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு மாணவர்கள் வரை எடுக்கலாம். இடம் காலியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையாவது படித்துவிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். பாரதியார் பல்கலைக்கழகம் போல் நம் பக்கத்திலேயே பதிவு செய்து, கொச்சியிலோ மண்டபத்திலோ இணை வழிகாட்டி வைத்துக்கொள்வது விதிப்படி முடியும். செய்பவர்களும் உண்டு. என்றாலும் கரையில் ஆய்வகம் உள்ள நிறுவனமே மேல். கடல்நீர்த் தொட்டியும் படகும் குளிரூட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்கு எந்த இணை வழிகாட்டியும் ஈடில்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே வேண்டும் என்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம், அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகம், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனமும், சென்னையில் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் ஆகியவற்றைப் பாருங்கள்.

அனுமதி

சேர்ந்த மாதமே விண்ணப்பியுங்கள். வந்துசேர மாதங்கள் ஆகும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட எடுக்க முடியாது. பவளம், கடல் அட்டை, கடற்குதிரை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. நீங்கள் ஆராய்வது அயல் பாசியாகவே இருந்தாலும் அது ஒட்டியிருக்கும் பவளம் பாதுகாக்கப்பட்டது. துறைமுக எல்லைக்குள் என்றால் துறைமுக நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வரும். அதற்குத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறை உண்டு. தனியார் படகுத்துறைக்கு இப்படி எந்தக் காகிதமும் வேண்டியிராது, உரிமையாளர் சரி என்றால் போதும். ஆரம்பத்துக்கு அதுவே நல்லது.

கருவி: இங்கே நம் கை ஓங்கும்

துறைமுக ஊர்களில் பரவலாகப் பயன்படும் முறை ஒட்டுயிரிப் பலகை. 14 சென்டிமீட்டர் சதுரமான சாம்பல் நிற பி.வி.சி. பலகையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அந்தப் பக்கம் கீழே பார்க்கும்படி ஒரு செங்கல்லில் கட்டி, தண்ணீருக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுவது. மூன்று மாதம் கழித்து எடுத்தால் என்னென்ன குடியேறின என்று தெரியும். மிதக்கும் துறையில் ஆழம் மாறாது. நிலையான துறையில் கட்டினால் நீர் வற்றும் நேரத்திலும் பலகை மூழ்கியிருக்குமாறு கயிற்றை அளந்து விடுங்கள்.

இந்தப் பலகையைக் கம்பெனியில் வாங்கினால் விலை கொஞ்சநஞ்சமல்ல. கணபதி, பீளமேடு பக்கம் ஒரு பட்டறையில் பி.வி.சி. ஷீட்டைக் கொடுத்தால் வெட்டி, நான்கு மூலையிலும் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் எண் பொறித்தே தந்துவிடுவார்கள். சதுரச் சட்டம், நங்கூர எடை, சுரண்டி எல்லாம் அங்கேயே ஆகும். ஒன்றை மட்டும் பட்டறைக்காரரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்: "அண்ணா, கடல் தண்ணிக்குங்க, 304 வேண்டாம், 316 ஸ்டெயின்லெஸ் போடுங்க." சாதாரண இரும்பு சில வாரத்தில் துரு ஏறிவிடும். முடிந்த இடத்தில் உலோகமே இல்லாமல் நைலான் கயிறும் பிளாஸ்டிக் டையும் போதும்.

ஒரு துறைக்கு எட்டுப் பத்துப் பலகையாவது கட்டுங்கள். சிலவற்றைக் கயிற்றுக்காக யாராவது அறுத்துப் போவார்கள், சில வலையில் சிக்கும். மீதி இருப்பதை வைத்தும் கணக்கு நிற்க வேண்டும்.

களத்தில்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் நன்றாக வற்றும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே முதல் திட்டத்துக்குப் போதும். மணிக்கணக்குக்கு ஐதராபாத்தின் இன்காய்ஸ் மையம் தரும் ஓத முன்கணிப்பைப் பாருங்கள். மண்டபம் பக்கம் காற்றைக் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கமான வடகடல் அடங்கியிருக்கும்; வாடை வந்தால் தலைகீழ். வருடம் முழுக்கத் தென்கடலில் மாதம் ஒரு முறை மாதிரி எடுப்பேன் என்று திட்ட வரைவில் எழுதினால், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இறங்குதளங்களில் மீன்களோடு வரும் உயிரினங்களைப் பார்ப்பதானால் மீன்பிடித் தடைக்காலத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

கிணற்றிலும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலிலும் நீந்திப் பழகிய தெம்பில் கடலில் குதிக்க வேண்டாம். மிதவை அங்கி, கூட ஒரு ஆள், படகுக்காரரின் பேச்சு மூன்றும் கட்டாயம். முக்குளிப்புச் சான்றிதழ் இல்லாமலே படகுத்துறை, ஓதப்பரப்பு, உப்பங்கழி என்று முழு ஆய்வேட்டையும் முடிக்கலாம்.

கடலோரத்தில் பெரியவர்களை நம் வழக்கப்படி 'ஏனுங்க, வாங்க' என்று பேசினால் ஊர் தெரிந்துபோகும். அதனால் நன்மைதான், கோயமுத்தூர்க்காரப் பிள்ளை என்று நினைவில் வைத்துக்கொள்வார்கள். இந்த உயிரினத்தை முதலில் எந்த வருடம் பார்த்தீர்கள், எந்தப் பக்கத்திலிருந்து பரவியது என்று வலைக்காரர்களிடமும் மட்டி பொறுக்கும் பெண்களிடமும் கேட்டு, தேதியோடு எழுதுங்கள். எந்த ஆவணத்திலும் இல்லாத பரவல் வரலாறு அவர்களிடம் இருக்கும்.

ஒரு துறையில் பயன்படுத்திய கயிறு, காலணி, வலை எதையும் கழுவாமல் அடுத்த துறைக்குக் கொண்டுபோகக் கூடாது. நன்னீரில் கழுவி, வெயிலில் முழுதாகக் காயவைத்து, பிறகே எடுத்துச் செல்லுங்கள். சுரண்டிய மட்டிகளை அங்கேயே தண்ணீரில் தட்டிவிடவும் கூடாது. அயல் உயிரினத்தைப் பரப்பியவர் பட்டியலில் ஆய்வாளரே சேர்வதைப் போல் அவமானம் வேறில்லை.

மாதிரியை ஊருக்குக் கொண்டுவருவது

மரபணு வேலைக்கு 95 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால்; உடலமைப்பைப் பார்க்க ஃபார்மலின். ஃபார்மலினில் போட்டதிலிருந்து மரபணு எடுப்பது பெரும்பாடு என்பதால் ஒவ்வொன்றிலும் இரண்டு பங்காகப் பிரித்துவிடுங்கள். எத்தனால் எளிதில் தீப்பற்றும். ரயிலில் கொண்டுபோவது குற்றம். அதை வாங்குவதும் நிறுவனத்தின் வழியாகத்தான் ஆகும். நான் சொல்லும் மாற்று: டி.எம்.எஸ்.ஓ., ஈ.டி.டி.ஏ. என்ற இரண்டு வேதிப்பொருளும் கலந்து உப்பு கரையும் மட்டும் கரைத்த பாதுகாப்புக் கரைசல். தீப்பற்றும் பயம் எத்தனால் அளவுக்கு இல்லை, குளிர்பெட்டி இல்லாமலும் மரபணு கெடாமல் இருக்கும். சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

இனத்தை உறுதி செய்ய வழக்கமாக சி.ஓ.ஐ. என்ற மரபணுத் துண்டை வாசிப்பார்கள், ஏறத்தாழ 650 எழுத்து நீளம். வாசிப்பைத் தனியார் ஆய்வகங்கள் செய்து தரும். மரபணுவைப் பிரித்தெடுப்பதையும் பெருக்குவதையும் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.

எண்ணும் எழுத்தும்

பலகையின் படத்தின் மேல் 50 புள்ளிகளை இட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே என்ன இருக்கிறது என்று குறித்தால் பரப்பளவு விழுக்காடு கிடைக்கும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை முதல் வருடமே படியுங்கள், இலவசம். ஒரே துறையில் கட்டிய பத்துப் பலகை பத்துத் தனிச் சான்று ஆகாது என்பதைப் புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து புரிந்துகொண்டு, பலகை கட்டும் முன்பே துறைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். கட்டிய பின் அவரிடம் போனால் அனுதாபம்தான் கிடைக்கும்.

கட்டுரை வெளியிடுவது இப்போது யு.ஜி.சி. விதிப்படி கட்டாயமில்லை, உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், கேட்காவிட்டாலும் வேலை தேடும்போது எல்லோரும் கேட்பார்கள். புதிய பதிவு ஏதாவது கிடைத்தால் மூன்று வருடம் காத்திருக்காமல் உடனே எழுதிவிடுங்கள்.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் மூன்று வேலை பாக்கி இருக்கும். மாதிரிகளை இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சேகரிப்பில் பதிவு எண்ணோடு சேர்ப்பது. மரபணு வரிசைகளைப் பொதுத் தரவகத்தில் ஏற்றுவது. பலகை கட்ட இடம் கொடுத்த படகுத்துறை உரிமையாளருக்கும் மீனவர் சங்கத்துக்கும், எந்த மாதத்தில் எந்த மட்டி கூடியது, எந்த மாதத்தில் தூணைச் சுரண்டினால் பலன் அதிகம் என்று இரண்டு பக்கத்தில் அவர்கள் மொழியில் எழுதிக் கொடுப்பது. உங்களுக்குப் பின்னால் அதே துறைக்கு வரும் மாணவருக்கு அவர்கள் சரி சொல்வார்களா, மாட்டார்களா என்பது இந்த மூன்றாவதைப் பொறுத்தது.